கீழாநெல்லி கொடுத்தால் சிக்கிள் போகுமா?

கேள்வி (3 நவம்பர் 2024)

அண்ணா, பந்தலூரிலிருந்து எழுதுகிறேன். என் அக்கா பையனுக்கு ஆறு வயது. சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் என்று போன வருஷம் ரத்தம் பார்த்துச் சொன்னார்கள். தினமும் கேப்ஸ்யூலும் போலிக் ஆசிட்டும் கொடுக்கிறோம். இப்போது ஒரு வைத்தியர், "அது கேன்சர் மாத்திரை, நிறுத்துங்கள். கீழாநெல்லியும் பப்பாளி இலைச் சாறும் ஒரு மண்டலம் கொடுத்தால் ரத்தமே மாறிவிடும்" என்கிறார். ஆப்பிரிக்காவில் மூலிகையிலேயே இதைக் குணமாக்குகிறார்கள் என்று வீடியோவும் காட்டினார். அக்கா பாதி நம்பிவிட்டாள். அப்படி ஏதாவது மருந்து உண்மையிலேயே இருக்கிறதா?

3 நவம்பர், இரவு

கேப்ஸ்யூலை நிறுத்த வேண்டாம். இதை மட்டும் இன்றைக்கே அக்காவிடம் சொல்லிவிடுங்கள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

4 நவம்பர்

கோத்தகிரிக்குக் கீழே இறங்கும் சரிவில் எங்கள் ஊர். நான் மருந்தாளுநர். என் தம்பிக்கு சிக்கிள். அவனுக்கு இப்போது 29 வயது, பிக்கப் வண்டி ஓட்டுகிறான். மாத்திரை எண்ணிக் கொடுக்கிற கையும் அவன் மூக்கைப் பிடித்துக் கஷாயம் குடிக்க வைத்த கையும் ஒன்றுதான். அதனால் மூலிகை என்றதும் முகம் சுளிக்க மாட்டேன்.

தம்பிக்குப் பத்து மாதம் இருக்கும்போது கை விரலும் பாதமும் பொம்மென்று வீங்கின. ஸ்வெட்டருக்குள் கையை நுழைத்தாலே வீறிட்டு அழுவான். கொஞ்ச நாளில் கண் மஞ்சளாயிற்று. காமாலை என்று முடிவாயிற்று. அம்மா தேயிலை பறிக்கப் போவதற்கு முன்னால், விடியற்காலையில் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்து, மண் போகக் கழுவி, அம்மியில் நெல்லிக்காய் அளவுக்கு அரைத்து மோரில் கரைப்பாள். வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. அப்படியே மூன்று வருஷம், விட்டு விட்டு.

காமாலை என்றால் நமக்குக் கல்லீரல்தான் ஞாபகம் வரும். இந்த மஞ்சள் வேறு வழியில் வருகிறது. நல்ல சிவப்பணு 120 நாள் ஓடும். அரிவாள் மாதிரி வளைந்த அணு 10 முதல் 20 நாளுக்குள் உடைந்துவிடும். உடைந்து கொட்டுகிற நிறமிதான் கண்ணில் மஞ்சளாகத் தெரிகிறது. கல்லீரலுக்கு என்று அரைத்த பச்சிலை, கல்லீரலில் தொடங்காத நோயை எப்படிப் பிடிக்கும்? அம்மா அரைத்ததில் குறை இல்லை. நோயின் பெயர்தான் எங்கள் வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை.

"ரத்தம் மாறும்" என்ற பேச்சுக்கு வருவோம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். சிக்கிளில் அங்கே வேலின் உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஓர் எழுத்துப்பிழை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பக்கமும் பிழையாகவே வந்துவிட்டால் நோய். குடிக்கிற எந்தச் சாறும் அந்த எழுத்தைத் திருத்தாது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் இப்போது வந்திருக்கிற மரபணு சிகிச்சையும்தான் அந்த வேர் வரைக்கும் போகின்றன.

4 நவம்பர், மறுபடியும்

"கேன்சர் மாத்திரை" என்று சொன்னதற்குப் பதில் எழுத விட்டுவிட்டேன். பையனுக்குக் கொடுக்கும் அந்தக் கேப்ஸ்யூலின் பெயர் ஹைட்ராக்ஸியூரியா. அதைப் புற்றுநோய்க்கும் கொடுப்பார்கள் என்பது உண்மைதான். சிக்கிளுக்கு அளவு குறைவு, நோக்கமும் வேறு. வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தனி ஹீமோகுளோபின் உண்டு. அது வளையாது. பிறந்து ஆறு மாதம் வரை அதுதான் குழந்தையைக் காப்பாற்றுகிறது. என் தம்பிக்கு ஐந்தாறு மாதம் ஒன்றுமே தெரியாமல் இருந்தது அதனால்தான். அந்தப் பழைய ஹீமோகுளோபினை உடம்பு மறுபடி கூடுதலாகச் செய்ய இந்த மருந்து தூண்டுகிறது. பெரியவர்களுக்கு அமெரிக்காவில் 1998-லேயே அனுமதி கிடைத்தது.

வெள்ளையணுக்களைக் குறைக்கும் குணம் அதற்கு உண்டு. அதற்காகத்தான் சொன்ன தேதியில் ரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். அந்தத் தேதியைத் தவற விடாதீர்கள். வேறு என்ன சாறு, லேகியம் கொடுத்தாலும் ரத்தம் எடுக்கும் அன்றைக்கு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்று எங்கள் வீட்டில் மறைத்தோம். நீங்கள் மறைக்காதீர்கள்.

6 நவம்பர்

ஆப்பிரிக்க வீடியோ. அது முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல்.

நைஜீரியாவில் பல் துலக்க ஃபகாரா என்ற மரத்தின் வேர்க்குச்சியை மெல்லுவார்கள். நம் ஆலும் வேலும் மாதிரி. அந்தக் குச்சி கிருமியைக் கொல்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் ரத்தம் கலந்த தட்டில் வைத்துப் பார்த்தபோது, ரத்தம் கறுக்காமல் சிவப்பாகவே இருந்திருக்கிறது. அங்கிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். வேர்ச்சாறு வளைந்த அணுவை நிமிர்த்துகிறது என்று சொஃபோவோரா என்ற பேராசிரியரும் இன்னொருவரும் 1971-ல் கட்டுரை எழுதினார்கள். கல்லூரியில் இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. தம்பிக்கு அப்போது மாதம் ஒரு தடவை வலி வரும். ஒரு குச்சி கிடைக்காதா என்று இருந்தது.

அப்புறம் நிப்ரிசான். ஒரு பாரம்பரிய மருத்துவர் குடும்பத்தின் கஷாயம். அதை அபுஜாவில் உள்ள அரசு மருந்து ஆராய்ச்சி நிறுவனம் வாங்கி, நாலு செடியின் கலவையாக ஒழுங்குபடுத்தியது. ஒரு மிளகின் விதை, கிராம்பு, ஒரு வேங்கையின் தண்டு, சோளத்தின் இலை. 82 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு, பிறகு மாற்றிக் கொடுப்பது. யார் எதைச் சாப்பிடுகிறார் என்று கொடுப்பவருக்கும் தெரியாது. கடும் வலி வருவது குறைந்தது என்று 2001-ல் வெளியானது. 2006-ல் நிகோசான் என்ற பெயரில் கடைக்கு வந்தது. தயாரித்த அமெரிக்கக் கம்பெனி 2008-ல் திவாலானது. மருந்தும் கூடவே படுத்துவிட்டது.

துவரைக்கும் ஒரு கதை உண்டு. சாம்பார் வைக்கிற அதே துவரைதான். அதன் விதைச்சாற்றில் செய்த சிக்லாவிட் என்ற மருந்தை நைஜீரியாவில் 100 நோயாளிகளிடம் சோதித்து 2005-ல் எழுதினார்கள். வலி கொஞ்சம் குறைந்தது, கல்லீரல் வீக்கம் குறைந்தது. ரத்த அளவு ஏறவில்லை.

இந்த மாதிரி ஆய்வுகளை அலசுகிற காக்ரேன் குழு சில வருஷம் முன்பு தேடிப் பார்த்தபோது கணக்கில் எடுக்கத் தகுந்தவை இந்த இரண்டுதான். மொத்தம் 182 பேர். நம்பிக்கை இருக்கிறது, இன்னும் பெரிய சோதனை வேண்டும் என்றார்கள். "குணமாகிறது" என்று அந்தச் சோதனைகளைச் செய்தவர்களே சொல்லவில்லை. வலி குறைகிறது என்றுதான் சொன்னார்கள். வீடியோக்காரர் அந்த ஒரு சொல்லைத்தான் மாற்றிவிட்டார்.

7 நவம்பர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "மிளகு, கிராம்பு, வேங்கை, சோளத்தழை எல்லாமே நம் ஊரில் கிடைக்கிறதே, வீட்டிலேயே காய்ச்சலாமா?" என்று கேட்டிருக்கிறார். தப்பு என் மேல்தான், அவசரத்தில் எழுதிவிட்டேன். திருத்திக்கொள்ளுங்கள்.

அந்த மிளகு நம் மிளகு இல்லை, மேற்கு ஆப்பிரிக்காவில் விளையும் அதன் பங்காளி. அந்த வேங்கையும் நம் வேங்கை இல்லை, அதே குலத்தில் வேறு மரம். சோளம் மட்டும் அதே சோளம், பயமும் அதில்தான். இளஞ்சோளத் தட்டையை மேய்ந்து மாடு சுருண்டு விழுந்ததை நம் ஊர்ப்பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். குருத்தில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. எந்தப் பருவத்து இலை, எப்படிப் பதப்படுத்துவது, எவ்வளவு என்பதெல்லாம் அளந்து செய்த மருந்து அது. பாட்டிலில் இருந்ததை அடுப்பில் கொண்டுவர முடியாது.

சயனைடு என்றதும் இன்னொன்று. 1970-களில் சோடியம் சயனேட் என்ற உப்பை சிக்கிளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சோதனைக் குழாயில் அருமையாக வேலை செய்தது. மனிதர்களுக்குக் கொடுத்தபோது கை கால் நரம்பு கெட்டது. நிறுத்திவிட்டார்கள். வனிலா வாசனைக்குக் காரணமான வனிலினும் குழாயில் அணு வளைவதைத் தடுக்கிறது. வாயால் சாப்பிட்டால் ரத்தத்துக்குப் போகும் முன்பே சிதைந்துவிடுகிறது. அதே ரசாயன வழியில் யோசித்துச் செய்த வோக்ஸலோட்டர் என்ற மாத்திரை 2019-ல் அமெரிக்காவில் வந்தது. அதையும் 2024 செப்டம்பரில் கம்பெனியே உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வலியும் சாவும் கூடுவதாகத் தெரிந்ததுதான் காரணம். ஆகவே "குழாயில் நிமிர்ந்தது" என்ற செய்தியை எங்கே படித்தாலும் நான் இப்போதெல்லாம் துள்ளிக் குதிப்பதில்லை.

10 நவம்பர்

பப்பாளி: காயும் இலையும் குழாயில் வேலை செய்ததாக ஆய்வுகள் உண்டு. மேலே சொன்னதே இதற்கும் பதில். டெங்கு வந்த வருஷங்களில் பப்பாளி இலைச்சாறு ஊர் முழுக்கப் பேராகிவிட்டது, வைத்தியர் அந்தப் பெயரை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறார். பழத்தைத் தாராளமாகக் கொடுங்கள். பையன் சந்தோஷமாகச் சாப்பிடுவான்.

17 நவம்பர்

ஒரு வாரமாக ஒன்றை யோசித்துக்கொண்டே இருந்தேன். அம்மா மூன்று வருஷம் கீழாநெல்லியை ஏன் விடவில்லை?

ஏனென்றால் அது பலித்தது. அதாவது, பலித்த மாதிரி இருந்தது. சிக்கிள் வலி பெரும்பாலும் ஐந்தாறு நாளில் தானாக இறங்கும். கண் மஞ்சளும் கூடும், குறையும். எந்த வீட்டிலும் முதல் நாளே வைத்தியரிடம் ஓட மாட்டோம். தைலம் தேய்ப்போம், திருநீறு போடுவோம், நாலாம் நாள் போவோம். ஆறாம் நாள் வலி போய்விடும். நாலாம் நாள் கொடுத்தது எதுவோ அதற்குப் பெயர். வைத்தியர் பொய் சொல்கிறார் என்றுகூட நான் நினைக்கவில்லை. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். வெறும் மாவு சாப்பிட்ட பாதிப் பேரை அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், ஊசி மருந்துக்காரர்கள் பக்கமும் தப்பு நடந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் "ரத்தசோகை" என்று சொல்லித் தம்பிக்கு வருஷக்கணக்கில் இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். இரும்பு குறைந்திருக்கிறதா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. சிக்கிளில் அணு உடைவதால்தான் சோகை. ரத்தம் ஏற்ற ஏற்ற இரும்பு உடம்பில் சேர்ந்துகொண்டே வேறு போகும். பேரீச்சை, முருங்கைக்கீரை எல்லாம் சாப்பாடாகச் சாப்பிடலாம். இரும்பு டானிக் மட்டும் ரத்தம் பார்க்காமல் வேண்டாம். உடம்புக்கு இங்கே அவசரமாக வேண்டியது போலிக் அமிலம், புது அணு செய்வதற்கு. அது மாத்திரையில் வருகிறது. கீரையும் பருப்பும் கூட நின்று உதவும்.

1 டிசம்பர்

"அப்படியானால் செடி கொடி எதுவுமே வேண்டாமா அண்ணா?" என்று, முதலில் கேள்வி எழுதிய பந்தலூர்த் தங்கை கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் இருப்பது நொச்சி ஒத்தடம். இலையை வாணலியில் வாட்டி, பழைய வேட்டித் துணியில் முடிந்து, முதலில் என் முன்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, தம்பியின் தொடையிலும் முழங்காலிலும் வைப்போம். வலிக்கிற இடத்துக்குச் சூடு இதம். நொச்சியின் குணமா, சூட்டின் குணமா, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பதா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. ஐஸ் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். குளிர் பட்டால் ரத்தக்குழாய் சுருங்கும், வலி கூடும்.

ஊட்டியில் விற்கிற விண்டர்கிரீன் தைலம் பற்றி ஒரு வார்த்தை. அதை வலிக்கு உள்ளே கொடுக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது. ஒரு டீஸ்பூனில் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமமான மருந்து இருக்கிறது. சின்னக் குழந்தையைக் கொன்றுவிடும். பாட்டிலைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

2 டிசம்பர்

ஒத்தடம் பற்றி எழுதியதும் மருதாணி ஞாபகம் வந்தது. மருதாணியில் இருக்கும் லாசோன் என்ற சாயப்பொருளையும் சிக்கிள் ரத்தத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், 1980-களில். அணு ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ள அது உதவுகிறது, வளைவது குறைகிறது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! அதே லாசோன், ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி குறைவது) உள்ள குழந்தைக்குத் தோல் வழியாகப் போய் அணுக்களை உடைத்துவிடும். மேற்கு ஆசிய நாடுகளில் கை காலில் மருதாணி பூசிய பச்சைக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள். சிக்கிளும் ஜி6பிடி குறைபாடும் மலேரியா இருந்த பகுதிகளில்தான் அதிகம். ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம். பையனுக்கு ஜி6பிடி பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கும் வரை மருதாணி வேண்டாம்.

29 டிசம்பர்

நாலு வாரமாக எழுதவில்லை. உறைபனி இறங்கிவிட்டது. தம்பிக்கு வலி வந்தது, விடியற்காலையில் வண்டியில் போய்க் குளிர்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸும் வலி ஊசியும் போட்டார்கள். இன்றைக்கு எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒன்றைக் கேட்டான். "சின்ன வயசில் ராத்திரி எனக்கு ஏன் தண்ணி தர மாட்டீங்க?" படுக்கையை நனைக்கிறான் என்று சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சொம்பைத் தூக்கி மேலே வைத்துவிடுவோம். அந்த வேலையைச் செய்தவன் நான். சிக்கிளில் சிறுநீரகத்தால் நீரைத் தேக்கி வைக்க முடியாது, நிறையப் போகும், அதனால்தான் நனைப்பார்கள் என்று பிறகு படித்தேன். தண்ணீர் குறைந்தால் அணு இன்னும் வளையும். பத்தியம் என்று பட்டினி போட்டதும் தண்ணீரை மறைத்ததும் கீழாநெல்லியைவிட அவனுக்குக் கெடுதல் செய்திருக்கும். அவனிடம் சொன்னேன். "சரி விடு" என்று பாட்டிலை நீட்டினான், நிரப்பிக் கொடுக்கச் சொல்லி.

உங்கள் பையன் படுக்கையை நனைத்தால் ரப்பர் விரிப்பு வாங்குங்கள். தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

12 ஜனவரி 2025

கொஞ்சம் விலகிப் போகிறேன். நைஜீரியாவில் இக்போ மக்களிடம் ஓக்பாஞ்சே என்று ஒரு சொல் உண்டு. பிறந்து, செத்து, அதே தாயிடம் மறுபடி பிறந்து, மறுபடி போய்விடும் குழந்தை. யோருபா மக்கள் அபிக்கு என்பார்கள். அந்தக் குழந்தைகளில் பலருக்கு இருந்தது சிக்கிள்தான் என்று இப்போது ஆராய்ச்சியாளர்கள் எழுதுகிறார்கள்.

நம்மிடமும் அடுத்தடுத்துப் பிள்ளை தங்காவிட்டால் அடுத்ததற்குக் குப்பை, பிச்சை என்று பெயர் வைப்போம். எமன் சீந்த மாட்டான் என்று. என் தம்பியின் ரேஷன் கார்டுப் பெயர் வேறு, வீட்டில் அவன் பிச்சைதான். எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு தங்கை இருந்தாள், இரண்டு வயதில் போனாள். காமாலை என்றார்கள்.

1952-லேயே லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்த முதல் அறிக்கைகளில் ஒன்று எங்கள் மலையிலிருந்து போனது. அதற்கு எத்தனையோ வருஷம் கழித்துத்தான் என் தங்கை பிறந்தாள். எங்கள் வீட்டுக் கதவுவரை அந்தச் செய்தி வரவில்லை. 2023 ஜூலையில் தேசிய அளவில் சிக்கிள் ஒழிப்புத் திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். 40 வயதுவரை ஏழு கோடிப் பேருக்கு ரத்தம் பார்ப்பதாகக் கணக்கு. கிராமத்துக்கு வரும்போது எல்லோரும் கையை நீட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிழை வந்தவர்களைக் கடத்திகள் என்பார்கள், அவர்களுக்கு நோய் இல்லை. இரண்டு கடத்திகள் கல்யாணம் செய்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு. தெரிந்துகொண்டு முடிவு செய்வது வேறு, தெரியாமல் பிள்ளைக்குப் பிச்சை என்று பெயர் வைப்பது வேறு.

9 பிப்ரவரி

பந்தலூர்த் தங்கை எழுதியிருந்ததைப் படித்தேன். ராத்திரி காய்ச்சல் 102, வைத்தியரிடம் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது மிகச் சரி. இந்தப் பிள்ளைகளுக்கு மண்ணீரல் சரியாக வேலை செய்யாது, காய்ச்சல் என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. தடுப்பூசிகள் பாக்கி இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

மண்ணீரலை எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று அக்கா கேட்டாளாமே. பையனை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, இடது பக்க விலா எலும்புக்குக் கீழே விரல் நுனிகளை மெதுவாக வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். கட்டியாக ஏதாவது வந்து விரலில் முட்டுகிறதா என்று பாருங்கள். நர்ஸ் ஒரு தடவை அக்காவின் கையைப் பிடித்துக் காட்டிவிட்டால் பிறகு மறக்காது. வயிறு திடீரென்று உப்பி, உதடு வெளுத்து, பையன் சோர்ந்தால் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும்.

வைத்தியர் கோபமாக இருக்கிறார் என்கிறீர்கள். அவரிடம் சண்டை வேண்டாம். சுளுக்குக்கும் இருமலுக்கும் நாளைக்கு அவரிடம்தான் போவோம். வேறு பிள்ளைகள் மஞ்சள் கண்ணோடு, விரல் வீங்கி அவரிடம் வந்தால் முதலில் ரத்தம் பார்க்க அனுப்பச் சொல்லுங்கள். அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

தம்பிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பந்தலூருக்கு லோடு இருக்கிறது. பையனைப் பார்க்கலாமா என்று கேட்கச் சொன்னான். இருபத்தொன்பது வயதில் சிக்கிளோடு வண்டி ஓட்டுகிற ஒருவனை அக்கா நேரில் பார்க்கட்டும் என்று எனக்கும் ஆசை. பையனை வண்டியில் முன்னால் உட்காரவைத்து ஒரு சுற்று கூட்டிப்போவானாம். அக்காவிடம் சொல்லி வையுங்கள், வந்ததும் டீ வைக்க ஓட வேண்டாம். அவன் முதலில் தண்ணீர்தான் கேட்பான், ஒரு பெரிய சொம்பு நிறைய.